ஐந்து தையல் மெஷின்களும் ஒரு கல்யாண நாள் வாழ்த்தும்

போன மாதம் ஈரோட்டிலிருந்து ஒரு போன். என்னோடு பி.காம். படித்த நண்பன். அப்பாவின் ஜவுளிக்கடையை இருபது வருடமாக நடத்திக்கொண்டிருக்கிறான். வழக்கமாக நலம் விசாரித்து, மழை விசாரித்து, அப்புறம்தான் விஷயத்துக்கு வருவான். அன்றைக்கு நேராக வந்துவிட்டான்.

"மாப்ளே, கஸ்டமருக்குத் தானாவே மெசேஜ் அனுப்பற சாஃப்ட்வேர்ல எது நல்லதுன்னு விசாரிச்சுச் சொல்லு."

"ஏற்கெனவே ஒண்ணு வாங்கி வெச்சிருந்தியே?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னான்.

ஒன்றேகால் வருடத்துக்கு முன்னால் ஒரு குடும்பம் அவன் கடையில் முகூர்த்தப் பட்டு எடுத்திருக்கிறது. பில் போடும் பையன் போன் நம்பரையும் கல்யாணத் தேதியையும் கேட்டு வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறான். அது அவன் வேலை. ஆனால், கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது சம்பந்தம் முறிந்துபோனது. அது கம்ப்யூட்டருக்குத் தெரியுமா? சரியாக ஒரு வருடம் கழித்து, காலை 7 மணிக்கு அந்த நம்பருக்கு ஒரு வாழ்த்து போயிருக்கிறது. 'முதலாம் ஆண்டு திருமண நாள் காணும் தம்பதியருக்கு வாழ்த்துகள்! பட்டுச் சேலைகளுக்கு 15 சதவிகிதம் தள்ளுபடி!'

பதினோரு மணிக்கு அந்தப் பெண்ணின் அம்மா கடைக்கு வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. போனைக் காட்டிவிட்டு, "இந்த நம்பரை எடுத்துடுங்க தம்பி. பொண்ணு காலையில இருந்து சாப்பிடலைங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

நண்பன் அப்போதே பையனைக் கூப்பிட்டு நம்பரை எடுக்கச் சொன்னான். பையனும் எடுத்தான். எங்கே? பில் போடும் கம்ப்யூட்டரில்! மெசேஜ் அனுப்பும் சாஃப்ட்வேர் வேறு ஒரு லிஸ்ட் வைத்திருந்தது. மூன்றாவது நாள் அதே நம்பருக்கு அடுத்த மெசேஜ் போனது. 'உங்கள் திருமண நாள் சலுகை முடிய இன்னும் 2 நாட்களே!'

"அதைத் தூக்கிக் கடாசிட்டேன். வேற சொல்லு" என்றான் நண்பன்.

"ரெண்டு நாள் டைம் குடு" என்றேன்.

காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் வாங்குவதற்கு முன்னால் பழைய பேரேட்டைப் புரட்டிப் பார்ப்பான். நானும் புரட்டினேன். நண்பனுக்கு நடந்தது புது சமாசாரமே இல்லை. 100 வருடத்துக்கு மேலாக, திரும்பத் திரும்ப, பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் நடந்திருக்கிறது. வாருங்கள், உங்களையும் கூட்டிப்போகிறேன்.

*

முதல் ஸ்டாப், அமெரிக்காவின் சிகாகோ நகரம். வருடம் 1872. ஆரோன் மாண்ட்கோமரி வார்ட் என்ற சேல்ஸ்மேன், கிராமம் கிராமமாகச் சுற்றியவர். உள்ளூர்க் கடைக்காரர்களும் இடைத்தரகர்களும் வைத்ததுதான் விலை என்று விவசாயிகள் புலம்புவதைக் காது குளிரக் கேட்டவர். நாமே ஏன் நேரடியாகத் தபாலில் விற்கக்கூடாது என்று யோசித்தார். 163 பொருட்களின் விலையை ஒரே தாளில் அச்சடித்து அனுப்பினார். அவ்வளவுதான் முதலீடு... அந்த ஒற்றைத் தாள் சில வருடங்களில் புத்தகமாகக் கொழுத்தது. 1875-ல், பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்றும் அறிவித்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முகம் தெரியாத ஒருவருக்குக் கடிதம் போட்டு வியாபாரம் செய்வதென்றால் இரண்டு சமாசாரம் வேண்டும். ஒன்று, விலாசம். இன்னொன்று, நம்பிக்கை. வார்ட் இரண்டாவதற்குத்தான் பணம் வாபஸ் என்றார். முதலாவது பெரிய தலைவலி. ஆயிரம் பேருக்கு விலாசம் எழுத ஆயிரம் தடவை கை வலிக்கவேண்டுமே!

அந்தக் கைவலிக்கு மருந்து கண்டுபிடித்தவர் ஜோசப் டங்கன். அயோவா மாநிலத்தின் சூ சிட்டிக்காரர். 1890-களில் அவர் உருவாக்கிய இயந்திரத்துக்குப் பெயர் அட்ரஸோகிராஃப். 1896-ல் காப்புரிமை. முதலில் ரப்பர் எழுத்துகள், பிறகு உலோகத் தகடுகள். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு தகடு. தகட்டை உள்ளே தள்ளினால் கவரில் விலாசம் 'டப்' என்று பதியும். அடுத்த தகடு, அடுத்த கவர்...

தகட்டின் மேல் விளிம்பில் சின்னச் சின்னத் துண்டுகளைச் செருகிவைக்க முடிந்தது. இவர் பாக்கி வைத்திருப்பவர், இவர் போன வருடம் வாங்கியவர் என்று அடையாளம். வேண்டிய தகடுகளை மட்டும் அச்சடித்துவிட்டு மற்றவற்றைத் தாண்டிப் போகும்படி இயந்திரத்தை அமைக்கலாம். இன்றைக்கு சாஃப்ட்வேர் விற்க வரும் தம்பிகள், 'கஸ்டமரைப் பிரிச்சுப் பிரிச்சு அனுப்பலாம் சார்' என்று கண்கள் மின்னச் சொல்கிறார்களே, அது தகரத்திலேயே நடந்து முடிந்த கதை!

தகட்டில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. ஓர் ஆள் இறந்துபோனால் தகட்டை உருவி எறிந்துவிட்டால் போதும். வேறெந்த இடத்திலும் அவருக்கு நகல் இல்லை. ஈரோட்டுக் கடையில் இல்லாமல் போனது இந்த ஒன்றுதான்.

*

அடுத்து ரிச்சர்ட் சியர்ஸ். விளம்பரம் எழுதுவதில் எமகாதகர். 1886-ல் கடிகாரம் விற்க ஆரம்பித்து, பிறகு சிகாகோவில் 'சியர்ஸ் ரோபக்' என்ற மாபெரும் தபால் வியாபாரத்தைக் கட்டியவர். கையில் சரக்கு இருக்கிறதோ இல்லையோ, முதலில் விளம்பரத்தை விட்டுவிடுவார். ஆர்டர் குவியும். குவிந்தால் சந்தோஷம்தானே என்கிறீர்களா? அதுதான் இல்லை.

ஆர்டர்கள் மலைபோல் சேர, யார் என்ன கேட்டார், எது போயிற்று, எது போகவில்லை என்பது யாருக்கும் தெரியாமல் போனது. தாமதமாகிறதே என்று வாடிக்கையாளர் நினைவூட்டிக் கடிதம் போட்டால், அதையே புது ஆர்டராக எடுத்துக்கொண்டு மறுபடி சரக்கு போகும். அந்தக் காலக் குழப்பத்தைச் சொல்ல ஒரு கதை உண்டு. ஒரு வாடிக்கையாளர், 'தயவுசெய்து தையல் மெஷின் அனுப்புவதை நிறுத்துங்கள். ஸ்டேஷனுக்குப் போகும்போதெல்லாம் ஒன்று வந்து நிற்கிறது. இதுவரை ஐந்து வந்துவிட்டது' என்று கெஞ்சி எழுதினாராம்!

சிரித்துவிட்டீர்களா? இரண்டு நிமிடம் கழித்து, அந்த ஈரோட்டு அம்மாவை நினைத்துப்பாருங்கள். நிறுத்துங்கள் என்ற பிறகும் மூன்றாவது நாள் மெசேஜ் போயிற்றே... இரண்டும் ஒரே வியாதி. அனுப்புகிற கைக்கும் கேட்கிற காதுக்கும் நடுவே கம்பி அறுந்துகிடக்கிறது.

சியர்ஸ் கம்பெனி இதை எப்படித் தீர்த்தது? விளம்பரத்தைக் குறைத்து அல்ல. வேலை வரிசையை மாற்றி. ஆட்டோ டோரிங் என்ற நிர்வாகி வந்தார். 1906-ல் சிகாகோவின் மேற்குப் பகுதியில் பிரமாண்டமான கட்டடம் எழுந்தது. வந்த ஆர்டர் ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்தார்கள். அந்தக் குறிப்பிட்ட 15 நிமிடத்துக்குள் ஒவ்வொரு பிரிவும் தன் பங்குச் சாமானைக் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும். கட்டடம் முழுக்கச் சரிவுக் குழாய்கள், நகரும் பட்டைகள், காற்றழுத்தக் குழாய்கள். ஆனால், உண்மையான கண்டுபிடிப்பு அந்த இரும்புச் சாமான்கள் இல்லை. இந்த ஆர்டர் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று எந்த நேரமும் சொல்ல முடிந்தது பாருங்கள், அதுதான். முதலில் வேலை வரிசையைத் தாளில் போட்டார்கள். அப்புறம்தான் இயந்திரம் வாங்கினார்கள். நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம்.

இன்னொரு வேலையும் செய்தார் சியர்ஸ். 1905-ல் அயோவா மாநிலத்திலிருந்த தன் நல்ல வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் போட்டார். 'உங்களுக்கு 24 கேட்டலாக் அனுப்புகிறோம். அக்கம்பக்கத்தில் கொடுங்கள். யாருக்குக் கொடுத்தீர்கள் என்று பெயர் எழுதி அனுப்புங்கள். அவர்கள் ஆர்டர் செய்தால் உங்களுக்குப் பரிசு.' அடுப்பு, சைக்கிள், தையல் மெஷின் என்று பரிசுகள் போயின. ஆள் சேர்த்துவிட்டால் பாயின்ட் என்று இன்றைக்கு உங்கள் போனில் வருகிறதே, அதன் கொள்ளுத்தாத்தா இது. அக்கம்பக்கத்துக்காரர் கையால் கொடுத்த கேட்டலாக் என்பதால், வாங்கியவருக்கு அது தொந்தரவாகத் தெரியவில்லை.

நம் ஊரிலும் இந்த வியாபாரம் ஓஹோவென்று நடந்ததுதான். 1877-லேயே இந்தியத் தபால் துறையில் வி.பி.பி. வந்துவிட்டது. தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்துப் பார்சலை வாங்கிக்கொள்ளும் அதே வி.பி.பி.! எஸ்.எஸ்.வாசன்கூட, பத்திரிகைக்கும் சினிமாவுக்கும் வருவதற்கு முன் விளம்பரமும் தபால் வியாபாரமும் செய்து பழகியவர்தான்.

*

இனி ஒரே தாவல். 1978, மே மாதம். இன்டர்நெட்டுக்கு முன்னோடியான 'ஆர்ப்பாநெட்' அமெரிக்க ராணுவத் துறையின் காசில் ஓடிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகம், ஆராய்ச்சிக்கூடம், ராணுவ அலுவலகம் என்று கொஞ்சம் பேர்தான் உபயோகித்தார்கள். எல்லோருடைய விலாசமும் ஒரு டைரக்டரியில் அச்சாகி இருந்தது.

'டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன்' என்ற கம்ப்யூட்டர் கம்பெனியில் மார்க்கெட்டிங் மேனேஜர் கேரி துயர்க். கம்பெனிக்குக் கிழக்குக் கரையில் நல்ல பெயர். மேற்குக் கரையில் அவ்வளவாக இல்லை. புது மாடல் கம்ப்யூட்டர்களை லாஸ் ஏஞ்சலீஸிலும் சான் மேட்டியோவிலும் காட்டப்போகிறார்கள். ஆட்களை அழைக்கவேண்டும். ஒவ்வொருவராகப் போன் போட்டால் எப்போது முடிப்பது? டைரக்டரியை எடுத்தார். மேற்குக் கரை விலாசங்கள் ஏறக்குறைய 400-ஐக் குறித்தார். அனுப்பிவிடு ஒரே மெயிலாக!

சக ஊழியர் ஒருவர் விலாசங்களை டைப் அடித்தார். அங்கேதான் சனி பிடித்தது. அந்த மெயில் புரோகிராம் 320 விலாசங்களுக்கு மேல் தாங்காது. மிச்ச விலாசங்கள் வழிந்து, கடிதத்தின் உடம்புக்குள்ளேயே வந்து விழுந்துவிட்டன. மே 3-ம் தேதி மெயிலைத் திறந்தவர்கள் கண்ணில் முதலில் பட்டது, முடிவில்லாத விலாசப் பட்டியல். அதையெல்லாம் தாண்டிப் போனால், எல்லாமே பெரிய எழுத்துகளில், கத்துவது போல ஓர் அழைப்பிதழ்.

விளைவு? கோபம். அரசாங்கக் காரியத்துக்கான நெட்வொர்க்கில் கடை விரித்தது தப்பு என்று ராணுவத் தகவல் தொடர்பு அதிகாரியிடமிருந்து கண்டனம் வந்தது. இன்னொரு பக்கம், அந்த அழைப்பால் தன் கம்பெனிக்கு 1 கோடி டாலருக்கும் மேல் வியாபாரம் நடந்ததாகப் பின்னாளில் துயர்க் சொன்னார். கணக்கு அவருடையது. நாம் சரிபார்க்க முடியாது. ஆனால், உலகத்தின் முதல் 'ஸ்பாம்' என்று சரித்திரம் பதிவு செய்துகொண்டது அந்த மெயிலைத்தான். ஸ்பாம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது பிற்பாடு.

துயர்க்கைத் திட்டியவர்கள் இரண்டு காரணம் சொன்னார்கள். ஒன்று, என்னைக் கேட்காமல் ஏன் அனுப்பினாய்? இரண்டு, அந்த அசிங்கமான பட்டியலை ஏன் என் மேல் கொட்டினாய்? முதலாவது நாகரிகப் பிரச்னை. இரண்டாவது கருவிப் பிரச்னை. என் கருவி எத்தனை பேரைத் தாங்கும் என்று முன்னாடியே ஒரு தடவை, பத்து பேருக்கு அனுப்பிப் பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்காது. 400 விலாசத்தோடு தனக்குத்தானே அனுப்பிப் பார்த்திருக்க வேண்டும். செய்யவில்லை.

*

பதினாறு வருடம் ஓடியது. 1994, ஏப்ரல் 12. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் கணவன் மனைவியாக இரண்டு வக்கீல்கள். லாரன்ஸ் கான்டர், மார்த்தா சீகல். அமெரிக்காவில் குடியேற 'கிரீன் கார்டு' குலுக்கல் அறிவிக்கப்பட்டிருந்தது. விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. பெயர் விவரங்களை எழுதித் தபாலில் சேர்த்தால் போதும். வக்கீலே தேவையில்லை. ஆனாலும், நாங்கள் செய்து தருகிறோம், ஃபீஸ் கொடுங்கள் என்று விளம்பரம் செய்ய முடிவெடுத்தார்கள்.

எங்கே? 'யூஸ்நெட்' என்ற விவாத மேடையில். அதில் ஆயிரக்கணக்கான குழுக்கள். பூனை வளர்ப்பவர்களுக்கு ஒன்று, கணித ஆசிரியர்களுக்கு ஒன்று என்று. ஒரே செய்தியைப் பல குழுக்களுக்கு அனுப்ப யூஸ்நெட்டிலேயே ஒரு மரியாதையான வழி இருந்தது. ஒரே ஒரு செய்தி, அதன் தலையில் எந்தெந்தக் குழு என்ற குறிப்பு. அப்படி அனுப்பினால், பத்து குழுவில் இருப்பவருக்கும் ஒரு தடவைதான் கண்ணில் படும்.

வக்கீல் தம்பதி அந்த வழியை எடுக்கவில்லை. ஒரு புரோகிராமரைப் பிடித்து, தானாக ஓடும் சின்ன புரோகிராம் ஒன்றை எழுதி வாங்கினார்கள். அது 5,500-க்கும் மேற்பட்ட குழுக்களில் ஒவ்வொன்றிலும் தனித்தனிப் பிரதியாகக் கொண்டுபோய்ப் போட்டது. பத்து குழுவில் இருந்தவர் அதே விளம்பரத்தைப் பத்து தடவை பார்த்தார். பூனைக்கும் கிரீன் கார்டு, கணக்குக்கும் கிரீன் கார்டு!

வந்து குவிந்த வசவுக் கடிதங்களைத் தாங்காமல், அவர்களுக்கு இணைப்பு கொடுத்த கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்பப் படுத்துவிட்டன. கணக்கை மூடிவிட்டார்கள். தம்பதி அசரவில்லை. இன்டர்நெட்டில் பணம் பண்ணுவது எப்படி என்று அதே வருடம் புத்தகமே போட்டார்கள்! ஆனால், 1997-ல் டென்னஸி மாநிலம் கான்டரின் வக்கீல் உரிமத்தைப் பறித்தது. காரணங்களில் இந்த விளம்பரமும் ஒன்று.

துயர்க்கின் கருவிக்குத் தாங்கும் சக்தி போதவில்லை. கான்டர்-சீகலின் கருவிக்கோ அளவுக்கு மீறிய சக்தி. ஒரே மனிதரை ஒரே மனிதராக எண்ணத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஐந்து தையல் மெஷின் கதை மறுபடியும்!

இரண்டே வருடத்தில் எதிர்ப்பக்கமும் ஒருவர் காட்டினார். நம்மூர்க்காரர் சபீர் பாட்டியா. 1996 ஜூலை 4-ம் தேதி, ஜாக் ஸ்மித்தோடு சேர்ந்து 'ஹாட்மெயில்' ஆரம்பித்தார். யாருக்கும் தனியாக விளம்பரம் அனுப்பவில்லை. ஹாட்மெயிலில் ஒருவர் எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், உங்களுக்கும் இலவச மெயில் வேண்டுமா என்று ஒற்றை வரி. தெரிந்தவரிடமிருந்து வந்த கடிதம், அதன் வாலில் ஒரு வரி. 1997 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது 85 லட்சத்துக்கும் மேல் வாடிக்கையாளர்கள். சியர்ஸின் 24 கேட்டலாக் தந்திரம்தான், கம்ப்யூட்டர் சட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தது.

*

இதற்குள் அரசாங்கங்கள் விழித்துக்கொண்டன. அமெரிக்கா 2003-ல் சட்டம் போட்டது. விளம்பர மெயிலில், வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி இருந்தே ஆகவேண்டும். சொல்லிவிட்டால் 10 வேலை நாட்களுக்குள் நிறுத்தவேண்டும்.

அடுத்து ஒரு தேர்தல் கதை. 2012, ஒபாமா இரண்டாவது முறை நிற்கிறார். நன்கொடை கேட்டு லட்சக்கணக்கானவர்களுக்கு மெயில் போகவேண்டும். தலைப்பு என்ன வைப்பது? அனுபவசாலிகள் கூடி உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. பல விதமாக எழுதி, ஒவ்வொன்றையும் ஒரு சின்னக் கூட்டத்துக்கு மட்டும் அனுப்பினார்கள். எதற்கு அதிகம் பணம் வருகிறதோ அதைத்தான் எல்லோருக்கும் அனுப்பினார்கள். ஒரு மெயிலில், எதிராளி என்னைவிட அதிகம் செலவழிக்கப்போகிறார் என்ற தலைப்பு ஜெயித்தது. ஒரே மெயிலில் 26 லட்சம் டாலர். பரீட்சையில் கடைசியாக வந்த தலைப்பை அனுப்பியிருந்தால் 4 லட்சம்தான் தேறியிருக்கும் என்று கணக்கு. எது ஜெயிக்கும் என்று முன்கூட்டியே ஊகித்த அலுவலக ஆட்கள் பெரும்பாலும் தோற்றார்களாம்!

இதில் உங்களுக்கும் எனக்கும் என்ன பாடம்? முதலில் கொஞ்சம் பேருக்கு அனுப்பு. பதிலைப் பார். அப்புறம் மிச்சம். துயர்க் செய்யாமல் விட்ட அதே வேலை.

நம் நாட்டுக்கு வருவோம். 2007-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' தொந்தரவு வேண்டாதவர்களுக்கான பதிவேட்டைக் கொண்டுவந்தது. 2010-ல் விதிகளை இறுக்கியது. 1909 என்ற எண்ணில் நம் விருப்பத்தைப் பதியலாம் என்றானது. அப்படியும் தொல்லை ஓயவில்லை. 2018-ல் மறுபடி புது விதிகள். கம்பெனிகள் தங்கள் பெயரையும், அனுப்பப்போகும் செய்தியின் மாதிரியையும் முன்கூட்டியே பதியவேண்டும். பதிந்த மாதிரியோடு பொருந்தாத எஸ்.எம்.எஸ்ஸை வழியிலேயே இயந்திரம் தடுத்துவிடும்.

நல்ல யோசனைதான். அது நடைமுறைக்கு வந்த நாள் 2021, மார்ச் 8. அன்றைக்கு என்ன ஆயிற்று, நினைவிருக்கிறதா? நாடு முழுக்க ஓ.டி.பி. வரவில்லை! பேங்கில் பணம் அனுப்ப முடியவில்லை. கொரோனா தடுப்பூசிக்குப் பதிய முடியவில்லை. காரணம், பல கம்பெனிகள் தங்கள் மாதிரியைச் சரியாகப் பதியவில்லை. வடிகட்டிக்கு விளம்பரமும் ஒன்றுதான், அவசர ஓ.டி.பி.யும் ஒன்றுதான். பொருந்தவில்லையா, நில். மறுநாளே டிராய் அந்தச் சோதனையை 7 நாளைக்கு நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

அனுப்புகிற இயந்திரத்துக்கு மட்டுமில்லை, தடுக்கிற இயந்திரத்துக்கும் ஒத்திகை வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

*

இரண்டாவது நாள் நண்பனுக்குப் போன் போட்டேன். "பேர் சொல்லு மாப்ளே, எழுதிக்கிறேன்" என்றான்.

"பேர் அப்புறம். முதல்ல ஒரு பேப்பர் எடு. கஸ்டமர் உள்ள வர்றதுலேர்ந்து மெசேஜ் போறவரைக்கும் வரிசையா எழுது. யார் நம்பர் வாங்கறா, எதுக்குன்னு சொல்லித்தான் வாங்கறாங்களா, எங்க ஏத்தறாங்க, எந்தத் தேதியில எது போகும், 'வேண்டாம்'னா அது எங்க போய்ச் சேரும்."

மாலையில் திரும்பக் கூப்பிட்டான். "எழுதிட்டேன்டா. எல்லாம் இருக்கு. அந்தக் கடைசி கேள்விக்குத்தான் என்கிட்ட பதிலே இல்லை."

அதுதான் விஷயம். சாஃப்ட்வேர் விற்பவர்கள் எல்லோரும், எத்தனை ஆயிரம் மெசேஜ், எவ்வளவு வேகம், என்ன விலை என்றுதான் ஆரம்பிப்பார்கள். நீங்கள் வேறு பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஒருவர் நிறுத்து என்று சொன்னால், வரிசையில் காத்திருக்கும் அடுத்த மெசேஜும் சேர்ந்து நிற்குமா? பில் கம்ப்யூட்டரும் இதுவும் ஒரே லிஸ்ட்டைப் பார்க்குமா, தனித்தனியா? ஒரே ஆள் இரண்டு பில் போட்டால் இரண்டு ஆளாக எண்ணுமா? முதலில் 50 பேருக்கு மட்டும் அனுப்பிப் பார்க்க வழி உண்டா? சம்மதம் எப்போது, எப்படி வாங்கியது என்று குறித்துவைக்குமா? நாளைக்கு வேறு கருவிக்கு மாறினால் அந்தக் குறிப்பும் கூடவே வருமா? 2023-ல் நிறைவேறிய தனிநபர் டிஜிட்டல் தகவல் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்கவேண்டும் என்கிறது. ஆகவே, இதெல்லாம் வெறும் மரியாதை விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

இந்தக் கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் சொல்கிற கருவி எதுவோ, அதுதான் நல்ல கருவி. விலை அப்புறம்.

நண்பன் மூன்று கம்பெனி ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டிருக்கிறான். முதல் ஆள், "அதெல்லாம் அப்டேட்ல வந்துடும் சார்" என்றாராம். இரண்டாமவர் பேச்சை மாற்றினாராம். மூன்றாவதாக வந்த பெண், லேப்டாப்பைத் திறந்து, நண்பனின் நம்பரையே ஏற்றி, நாலு மெசேஜ் வரிசையை ஓடவிட்டு, இரண்டாவதில் நிறுத்து என்று பதில் போடச் சொன்னாராம். மூன்றாவது வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த மூன்றாவது கருவியைத்தான் வாங்கியிருக்கிறான். மூன்றில் அதுதான் வசதிகள் குறைந்தது.

திருமண நாள் வாழ்த்தை அடியோடு எடுத்துவிட்டான். "தையல் ரெடி, சேலை ரெடி, பில் பாக்கி. இந்த மூணு மட்டும் தானா போகும். வாழ்த்தெல்லாம் தெரிஞ்சவங்களுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிக்கிறேன்" என்றான்.

"அந்த அம்மா அப்புறம் வந்தாங்களா?" என்று கேட்டேன்.

"நேர்ல வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். காபி குடுத்தாங்க. கடைக்கு இன்னும் வரலை" என்றான்.